என் பெயரில் போன புகார்

பதினெட்டு வயதுவரை நான் யாரோடு பழகலாம் என்பதை அம்மா முடிவு செய்தார். அதற்குப் பிறகு சில வருடங்கள் நானே முடிவு செய்தேன். இப்போது என் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் முடிவு செய்கிறது.

வீடு பெங்களூர் ஈஜிபுராவில், இரண்டாவது மாடியில் வாடகைக்கு. வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் கம்பெனி வண்டியில் போகிறது. மழை பெய்தால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. என் கணவரோடு முகம் பார்த்துப் பேசும் நேரத்தைவிட அந்த வண்டியில் இருந்த மூன்று பேரோடு நான் இருந்த நேரம் அதிகம். அவர்களில் ஒருவரைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே ரூட்டில் வீடு இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் ஏறுபவள் பிரேசர் டவுன்காரி. என் வயதுதான். எங்கள் மாடியிலேயே வேறு டீம். மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவள் தாமதமாக வருவாள். அடுத்தது, அவள் ஜெபம் செய்வாள். மனதுக்குள் செய்தால் யாருக்கு என்ன? கடைசி ஆளும் ஏறி வண்டி நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பாள்.

"ஆண்டவரே, இந்த வண்டியில இருக்கிற எல்லாரையும் பத்திரமா கொண்டு சேரும். டிரைவர் அண்ணனோட முதுகுவலி, இவளோட மாமியார் கண் ஆபரேஷன், முன் சீட்டு சாரோட பையனுக்கு மேத்ஸ் வர மாட்டேங்குது, எல்லாத்தையும் உம்ம கையில வைக்கிறோம்."

என் மாமியாரின் கண்ணை யார் கையிலும் வைக்கச் சொல்லி நான் அவளிடம் கேட்கவில்லை. எப்போதோ போனில் வீட்டில் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். தினமும் காலையில் என் குடும்ப விஷயம் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஏலம் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பற்றிக்கொண்டு வரும்.

என்னை ஏற்றிக்கொண்ட பிறகு மடிவாளாவில் கோயம்புத்தூர்க்காரர் ஏறுவார். டீம் லீடு. முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில். அவருக்கு எதுவும் பிடிக்காது, ஆனால் பிடிக்காததை அவ்வளவு மரியாதையாகச் சொல்வார். கேன்டீன் சாம்பாரிலிருந்து கம்பெனியின் தலைமை அதிகாரி அனுப்பும் மெயில்வரை எதைப் பற்றியும் ஒரு வரி சொல்வார், நாங்கள் சிரிப்போம். அந்த நெரிசலில் சிரிக்க வைப்பவர் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. நான் அவருடைய கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன் பெங்களூரிலேயே பிறந்தவர். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தமிழர். ஒரே வாக்கியத்தில் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். மற்ற வண்டிகளில் பிள்ளையார் இருக்கும் இடத்தில் இவர் வண்டியில் சின்னதாக ஒரு புத்தர். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஆரணிப் பக்கம். காலையில் குளித்ததும் விபூதி, வெள்ளிக்கிழமை ஒரு வேளை விரதம், முருகன். இதையெல்லாம் யோசித்து ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். எங்கள் தெருவில் எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். ஈஜிபுராவுக்கு வந்த பிறகும் விடவில்லை.

அந்த வண்டியும் ஒரு தெருதான், ஆனால் வேறு ஊர்த் தெரு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிரேசர் டவுன்காரி பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். விரதம் என்றேன். முன் சீட்டிலிருந்து தலை திரும்பியது.

"ஏங்க, பிஸ்கட்டுக்கும் சாமிக்கும் அப்படி என்னங்க பகை?"

எல்லாரும் சிரித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஏறி உட்கார்ந்ததுமே, "இன்னைக்கு யாரும் பிஸ்கட்னு சத்தமாச் சொல்லிப்போடாதீங்க. மேடத்துக்குச் சாமி நோட்டீஸ் அனுப்பிரும்" என்றார். அதற்கும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். மூன்று மாதத்தில் வெள்ளிக்கிழமை பிஸ்கட் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். பிறகு விபூதி, வீட்டில் வைத்துக்கொண்டு வண்டி ஏறுமுன் துடைப்பதாக மாறி, பிறகு அதுவும் நின்றது.

யாராவது உட்கார்ந்து வாதம் செய்து என் நம்பிக்கையை உடைத்திருந்தால் அதில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். புத்தகம் படித்து, கேள்வி கேட்டு, சாமி இல்லை என்ற முடிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதிக்கிறேன். நான் விட்டது ஒரு பிஸ்கட் ஜோக்குக்குப் பயந்து.

போனது அது மட்டுமில்லை. வீட்டு ஓனர் பேசுவது, மாமியார் போனில் ஒரே விஷயத்தை நான்கு தடவை சொல்வது, என் கணவர் சட்டையை மடிப்பது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு வரி தயாராக இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் வாயில வேற யாரோ பேசுறாங்க."

"யாரு?"

"தெரியல. ஆனா எனக்கு அந்த ஆளப் பிடிக்கல."

அதற்கும் ஒரு வரி வாயில் வந்தது. நல்லவேளை, ரசம் சூடாக இருந்தது.

இனி தாமதத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி மூன்று நிமிடம் நிற்கலாம், ஆள் வராவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. பிரேசர் டவுனில் டிரைவர் அண்ணன் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நிற்பார். அந்தப் பதினைந்து நிமிடத்தையும் நான் ஈஜிபுராவில் மேம்பாலத் தூண்களுக்கு அடியில், தண்ணீர் லாரி கிளப்பும் புழுதியில் நின்று கழிப்பேன். போன் செய்தால், "இதோ ஏறிட்டேன்பா, வந்துட்டே இருக்கோம்" என்பாள். பின்னால் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்.

அவளுக்கு உடம்பு சரியில்லாத யாரையாவது கவனிக்க வேண்டியிருந்ததா என்றால், இல்லை. இரண்டு பிள்ளைகள், ஐ.டி. கார்டைத் தினமும் வேறு வேறு இடத்தில் வைப்பது, வாசலில் பக்கத்து வீட்டு அம்மாவோடு இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் காரணம். ஏறியதும், "சாரிப்பா, என் தப்புதான்" என்பாள். ஒரு சாக்குச் சொல்ல மாட்டாள். சாக்குச் சொன்னாலாவது சண்டை போடலாம். நானோ காலை மீட்டிங்குக்கு லேட்டாகப் போய், மேனேஜர் முகத்தைப் பார்த்து "டிராஃபிக்" என்பேன்.

ஒரு புதன்கிழமை முழுதாக இருபத்தைந்து நிமிடம் நின்றேன். மீட்டிங் முடிந்தே போயிருந்தது. மதியம் கேன்டீனில் கோயம்புத்தூர்க்காரரிடம் கொட்டினேன். அவர் அங்கேயே போனில் ஒரு புகார் எழுதினார். அருமையாக எழுதுவார்.

"நீங்க அனுப்பிருங்க. நான் லீடுங்க, என் பேர்ல போனா அரசியல் ஆயிரும்" என்றார். பிறகு, "அவங்க பேரைப் போட வேண்டாங்க, பாவம். வண்டி தினமும் லேட்டா வருதுன்னு மட்டும் இருக்கட்டும்."

எனக்கும் அது நல்ல மனதாகத்தான் தோன்றியது. ஒருத்தியைக் காட்டிக் கொடுக்காமல் வேலை முடிகிறதே. என் பெயரில் அனுப்பினேன்.

திங்கட்கிழமை வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. ஓட்டியது வேறு ஆள். பின் சீட்டில் யாருமில்லை.

"அந்த மேடம் எங்க?"

"மூணு நிமிஷம் பார்த்தேன் மேடம். வரல. எடுத்துட்டேன்."

டிரைவர் அண்ணனை ரூட்டிலிருந்து தூக்கிவிட்டார்கள். 'வண்டி லேட்' என்றால் கம்ப்யூட்டருக்கு 'டிரைவர் லேட்' என்று அர்த்தமாம். அவர் பேரில் குறிப்பு எழுதி, யாராவது லீவு போட்டால் மட்டும் கூப்பிடும் பட்டியலில் போட்டிருந்தார்கள். பிரேசர் டவுன்காரி பஸ் மாறி மாறிப் பதினொரு மணிக்கு ஆபீஸ் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை, ஐந்து நிமிடம் முன்னாலேயே அவள் தெருமுனையில் நின்றாளாம். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? முடியும் என்றால் இத்தனை நாள் ஏன் நிற்கவில்லை?

"அண்ணன எதுக்கு மாத்தினாங்கன்னு நான் கேக்கறேன்" என்று அவள் அன்றைக்கே டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்குப் போனாள். மாலையில் வண்டியில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை ஜெபத்தில், முதுகுவலிக்கும் கண் ஆபரேஷனுக்கும் பிறகு ஒரு வரி சேர்ந்திருந்தது.

"புகார் குடுத்தவங்களையும் ஆசீர்வதியும்."

முன் சீட்டிலிருந்து, "ஆமென்" என்று ராகமாக வந்தது. நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் என் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. வெளியே பார்த்துக்கொண்டேன். டோல் ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? சுவரும் பலகையும்தான். அதையே எலெக்ட்ரானிக் சிட்டிவரை பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டு, மூன்றாவது தடவை அழைத்தேன்.

"அண்ணே, நான் ஈஜிபுரா ஸ்டாப் பேசுறேன்."

"சொல்லுங்க மேடம்."

"அந்தக் கம்ப்ளைண்ட் நான்தான் குடுத்தேன். உங்க மேல குடுக்கல அண்ணே. இப்படி ஆகும்னு தெரியாது. மன்னிச்சிடுங்க."

அவர் வீட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"இத்த எதுக்கு இப்ப என்கிட்ட சொல்றீங்க?"

"மனசு கேக்கல அண்ணே."

"மனசு கேக்கலன்னா கோயிலுக்குப் போங்க மேடம். நான் என்ன சாமியா? மூணு நிமிஷத்துல எடுத்திருந்தா அந்த அக்காவுக்கு அரை நாள் போயிருக்கும். எடுக்கல. உங்கள ஒரு நாளாவது விட்டுட்டுப் போனேனா? போன மாசம் நீங்களே ரெண்டு தபா லேட்டு. ஞாபகம் கீதா?"

ஞாபகம் வந்தது. இரண்டு தடவையும் அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

"எங்க ஊட்ல சாமி படமே இல்ல மேடம். எங்கப்பா காலத்துலருந்து புத்தர்தான். அங்க மன்னிப்பு கேட்டு முடிச்சிக்கற கதையெல்லாம் கெடையாது. செஞ்சது தப்புன்னா அத சரி பண்ணணும். அஷ்டே, அவ்ளோதான். வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். நான் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம்தான். மன்னிப்புக் கேட்க அழைத்தால் இப்படியா பேசுவது? அவரைத் திட்டி முடித்து, கோயம்புத்தூர்க்காரரைத் திட்டி முடித்து, பிரேசர் டவுன்காரியின் குக்கரைத் திட்டி முடித்த பிறகு திட்ட ஒரு ஆள்தான் பாக்கி இருந்தது.

திங்கட்கிழமை டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் கன்னடக்காரர். என் அரைகுறைக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். "ஆகல்ல மேடம்" என்றார். முடியாதாம். புகார் மூடப்பட்டுவிட்டதாம். மறுநாள் போனேன். அதே 'ஆகல்ல'. மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும் அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். ஐந்தாம் நாள் அவருக்கே தாங்கவில்லை. புகார் கொடுத்ததும் நீங்கள், திரும்ப வாங்குவதும் நீங்களா, நாங்கள் என்ன விளையாடிக்கொண்டா இருக்கிறோம் என்று கத்தினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். தாமதத்துக்குக் காரணம் டிரைவர் இல்லை என்று அதே ரூட்டில் வரும் இன்னொருவரும் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம்.

கோயம்புத்தூர்க்காரரிடம் கேட்டேன். காபி மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உங்களுக்கு நல்ல மனசுங்க. ஆனா நான் இதுல வரலைங்க. டிரைவருக்கு வேற ரூட் கிடைக்காமயா போயிரும்? விடுங்க."

"மெயில் எழுதினது நீங்கதானே?"

"எழுதினேன். அனுப்பினது நீங்கங்க" என்று சிரித்தார்.

காபியை அவர் தலையில் ஊற்றலாம் போலிருந்தது. அதைவிட எரிச்சல் வேறொன்று. அவர் கெட்டவரில்லை. ஒரு மாதத்துக்கு முன் என்னிடம் யாராவது இப்படி வந்து கேட்டிருந்தால், நானும் இதே வார்த்தையில், இதே சிரிப்போடு நழுவியிருப்பேன். என் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது பார்த்துவிட்டேன்.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே கையெழுத்து. அதை வாங்க அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மதியம் அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். மூன்றையும் விட்டுவிட்டேன்.

"அந்தக் கம்ப்ளைண்ட் குடுத்தது நான்தான்."

"தெரியும்பா" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்கே டெஸ்க்ல சொல்லிட்டாங்களே. உன் பேரக் காட்டினாங்க."

"அப்போ ஏன் கேக்கல? தினமும் பக்கத்துல உக்காந்து ஆசீர்வதியும்னு சொல்லிட்டு வந்தியே?"

"கேட்டிருந்தா அறைஞ்சிருப்பேன்" என்றாள் சாதாரணமாக. "சத்தியமா சொல்றேன், மூணு நாள் எனக்கு ஜெபமே வரல. சும்மா உதட்ட அசைச்சேன். ஆசீர்வதியும்னு சொல்றப்போ உள்ள என்ன வந்துச்சுன்னு உன்கிட்ட சொல்லக்கூடாது. அப்புறம் யோசிச்சா, லேட்டா வந்தது நான். அண்ணனுக்குப் போனது என்னால. உன்ன மட்டும் எப்படித் திட்டறது? குடு அந்தப் பேப்பர."

நான் எழுதி வைத்திருந்தது, 'தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டது' என்று. அவள் அதை அடித்துவிட்டு, 'நான் தாமதமாக வந்தேன்; டிரைவர் எனக்காகக் காத்திருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் நகல் அவளுடைய மேனேஜருக்குப் போகும் என்று எச்சரித்தேன்.

"போகட்டும். நான்தானே லேட்டு?"

போனது. அவளைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். முகம் சிவந்து வெளியே வந்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், பிறகு பிஸ்கட் சாப்பிட்டாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். அன்று என்ன கிழமை என்று யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். செவ்வாய்.

இரண்டு வாரத்தில் டிரைவர் அண்ணன் பேரிலிருந்த குறிப்பை எடுத்துவிட்டார்கள். பழைய ரூட்டே தருவதாகவும் சொன்னார்களாம். அவர் வேண்டாம் என்றுவிட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து போன் செய்தோம், ஸ்பீக்கரில் போட்டு.

"வாங்க அண்ணே, நான் இப்பல்லாம் லேட்டே இல்ல" என்றாள் அவள்.

"ஐயோ பேடாம்மா. நீங்க லேட்டு, அந்த சாருக்கு வாய், ஈஜிபுரா மேடம் கம்ப்ளைண்ட். எனக்கு வைட்ஃபீல்டு ரூட்டு குடுத்துட்டாங்க. நாலு பேரும் காதுல மாட்டிக்கினு தூங்கறாங்க. நிம்மதியா கீறேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

என் பக்தி திரும்பி வந்துவிட்டதா என்றால், பழைய மாதிரி வரவில்லை. ஆரணியில் இருந்தது எனக்கும் முருகனுக்கும் மட்டுமான விஷயம். இப்போது விளக்கேற்றி நின்றால் யார் யாரோ உள்ளே வருகிறார்கள். அவளுடைய பிள்ளைகளின் பரீட்சை நினைவுக்கு வருகிறது. 'தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடு முருகா' என்று ஆரம்பித்தால், 'இத்த எதுக்கு இப்ப என்கிட்ட சொல்றீங்க' என்று டிரைவர் அண்ணன் குரல் கேட்கிறது. சாமியே கும்பிடாத மனிதர் என் பூஜை அலமாரி முன்னால் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமை விரதத்தை மறுபடி தொடங்கியிருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரர் கிண்டல் செய்கிறார். சில கிண்டல்கள் நன்றாகவே இருக்கின்றன. சிரித்துவிட்டு, சாப்பிடாமல் இருக்கிறேன்.

போன மாதம் எங்கள் வண்டியில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். சேலத்திலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மடிவாளாவில் பி.ஜி. ஹாஸ்டல் ஒன்றில் இருக்கிறாள். முதல் வாரம் எல்லாவற்றையும் ஆவலாக வேடிக்கை பார்த்தாள். போன வியாழக்கிழமை சிக்னலில் வண்டி நின்றது. அவள் கண்ணை இறுக்கி மூடி, தலையைச் சீட்டில் சாய்த்து, நீளமாக உச்சுக் கொட்டி, "முடியலடா சாமி" என்றாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிரேசர் டவுன்காரி என் தொடையில் கிள்ளினாள்.

"அப்படியே நீ" என்றாள் காதில்.

அன்றிலிருந்து வண்டியில் உச்சுக் கொட்டாமல் இருக்கப் பார்க்கிறேன். சில்க் போர்டுவரை முடிகிறது.